நாற்காலிக்கு எத்தனை கால்?
சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிச் சாப்பாட்டு மேசையும் அதை வகுத்தவர்களும் – ஒரு மதிப்பீடு

நம் மொழியில் இருக்கைக்குப் பெயர் வைத்தவர்கள் காலை எண்ணித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நால், கால் இரண்டும் சேர்ந்து நாற்காலி. ஒரு கால் குறைந்தால் முக்காலி. மேசையும் அலமாரியும் போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து இறங்கிய சொற்கள். நாற்காலி மட்டும் நம் வீட்டுச் சொல். வெள்ளைக்காரன் உட்காருவதைப் பார்த்துப் பெயர் வைத்தான். நாம் எது தாங்குகிறது என்று பார்த்துப் பெயர் வைத்தோம். இந்தத் தமிழ்க் கணக்கையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு, இன்று உலகமெங்கும் ‘மிட் செஞ்சுரி மாடர்ன்’ என்று கொண்டாடப்படுகிற சாப்பாட்டு மேசை நாற்காலிகளை ஆராய்ந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை.

வடக்கே வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிளைவுட், ஹார்டுவேர் வியாபாரம் செய்பவன் அடியேன். கலைக் கல்லூரிப் படிப்பு ஏதும் கிடையாது. ஆனால் பலகையையும் பசையையும் தினமும் கையால் தொட்டுப் பார்க்கிற தொழில். ஆகவே பெயரைப் பார்க்கும் முன்பு நாற்காலியைக் கவிழ்த்துப் பொருத்தைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

காலமும் பெயரும்

ஏறத்தாழ 1945 முதல் 1970 வரையிலான கால் நூற்றாண்டைத்தான் இப்படிக் குறிப்பிடுகிறார்கள். இந்தப் பெயர் அந்தக் காலத்தவர் வைத்ததல்ல. காரா கிரீன்பர்க் என்ற அமெரிக்க அம்மையார் 1984-இல் எழுதிய நூலின் தலைப்பிலிருந்து பரவியது. அதாவது, பொருள் பழையது, பெயர் புதியது. பெயர் வந்த பிறகுதான் விலையும் ஏறியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்தது. ஐரோப்பாவில் வீடுகள் சிறுத்தன. அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு லட்சக்கணக்கில் புது வீடுகள் எழும்பின. தாத்தா காலத்துக் கனத்த சாப்பாட்டு மேசை அந்த வீடுகளுக்குள் நுழையாது. லேசாக, மலிவாக, நகர்த்தக்கூடியதாக ஒன்று வேண்டியிருந்தது. இந்தத் தேவையிலிருந்து பிறந்தவைதான் இவை. இன்றைக்கு ஏலக்கூடத்தில் லட்சக்கணக்கில் விலைபோகும் நாற்காலிகளில் பல, சாதாரணக் குடும்பத்துக்காக வகுக்கப்பட்டவை. இந்த முரணை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

சாப்பாட்டு நாற்காலியை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும் என்பது என் கருத்து. முதலாவது, உடம்புக்கு ஒத்துவருகிறதா? இருக்கை தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர், மேசை 72 முதல் 75 வரை; இடையே ஒரு முழங்காலும் கையும் புழங்க 28, 30 சென்டிமீட்டர் இடம். இது பொது அளவு. நம்மவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒரு காலையாவது மடித்துக்கொள்ளாமல் நம் பெரியவர்களுக்குச் சோறு இறங்காது. அதற்கு இடம் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவது, கால் இருக்கையோடு சேருகிற பொருத்து நேர்மையானதா? மூன்றாவது, உடைந்தால் உள்ளூர் ஆசாரி சரிசெய்ய முடியுமா?

நான்கு கால்: டென்மார்க்கும் அமெரிக்காவும்

நான்கு காலை வைத்துக்கொண்டே புதுமை செய்தவர்கள் டென்மார்க்குக்காரர்கள். இதற்கு மூலவர் கோர் கிளிண்ட். 1924-இல் கோப்பன்ஹேகன் கலைக் கழகத்தில் மரச்சாமான் வகுப்பைத் தொடங்கியவர். தட்டு எத்தனை, கோப்பை எத்தனை, மடித்த துணி எவ்வளவு இடம் பிடிக்கும் என்று மாணவர்களை அளக்கவிட்டு, அதன் பிறகே அலமாரி வரையச் சொன்னவர். அழகைப் பற்றிய பேச்சே அப்புறம்தான். வியாபாரி என்ற முறையில் எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. சரக்கை அளக்காமல் கிடங்கு கட்டுகிறவன் பிழைக்க முடியுமா?

அந்த வழியில் வந்தவர் போர்கே மோகென்சன். டென்மார்க்குக் கூட்டுறவுச் சங்கங்களின் அமைப்பு நடத்திய மரச்சாமான் பிரிவுக்குத் தலைமை ஏற்று, 1947-இல் ஜே 39 என்ற நாற்காலியை வகுத்தார். பீச் மரச் சட்டம், முறுக்கிய காகித நூலில் பின்னிய இருக்கை, முதுகுக்கு ஒரே ஓர் அகலப் பட்டை. அவ்வளவுதான். மக்கள் நாற்காலி என்றே அதற்குப் பெயர் வந்தது. அதில் காட்டிக்கொள்ள ஒன்றுமே இல்லை. நம்மூர்க் கயிற்றுக் கட்டிலை முடைகிறவரிடம் கொடுத்தால் இருக்கையைப் பார்த்துப் பார்த்தே புதுப்பித்துவிடுவார். என் மூன்று கேள்விக்கும் முழு மதிப்பெண் வாங்குகிற நாற்காலி இது.

ஹான்ஸ் வெக்னர் (1914–2007) செருப்புத் தைப்பவரின் மகன். சிறுவயதிலேயே தச்சுப் பட்டறையில் சேர்ந்தவர். வாழ்நாளில் 500-க்கும் மேற்பட்ட நாற்காலிகளை வகுத்தார். 1949-இல் வகுத்து, 1950 முதல் கார்ல் ஹான்சன் நிறுவனம் இடைவிடாமல் செய்துவரும் ‘விஷ்போன்’ நாற்காலி சாப்பாட்டு மேசைகளில் பேர்போனது. முதுகுத் தாங்கலில் கவட்டைக் கம்பு ஒன்றை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். சீனத்து மிங் காலத்து நாற்காலிகளைப் பார்த்துப் பிறந்த வடிவம். இருக்கைக்கு மட்டும் சுமார் 120 மீட்டர் காகித நூல். அது இன்றும் கையால்தான் பின்னப்படுகிறது.

இதன் சிறப்பு கவட்டையில் இல்லை என்பேன். பின்கால் இரண்டும் இருக்கையைத் தாண்டி மேலே எழும்பி, முன்புறமாக வளைந்து, கைப்பிடியையும் முதுகையும் ஒன்றாக்கிய வளையத்தைத் தாங்குகின்றன. கால்தான் முதுகாகவும் மாறுகிறது. இருக்கையும் அகலம். மடித்து உட்காரலாம். குறை என்ன? வளைந்த காலும் வளையமும் பழுதானால் தெருமுனை ஆசாரியால் ஆகாது. நூல் பின்னலை அவர் கற்றுக்கொள்ளலாம். நீராவியில் மரம் வளைப்பதற்குத் தனிப் பட்டறை வேண்டும்.

1944-இல் தொடங்கிய தம் பட்டறையில் சாப்பாட்டு நாற்காலிகளையே பல ஆண்டு செதுக்கிச் செதுக்கிச் சீர்செய்தவர் நீல்ஸ் மோல்லர். 1951-இல் வந்த அவருடைய 71-ஆம் எண் நாற்காலியைத் தடவிப் பார்த்தால் எங்கே ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கைக்குத் தெரியாது. ஆண்டுக்கொரு புது மாதிரி இறக்கி ஆரவாரம் செய்யாமல், இப்படி நின்று நிதானமாக வேலை செய்தவர்களை விமரிசகர்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

அமெரிக்காவில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் வேறு வழியில் போனார்கள். போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காகக் கால் எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டும் சிம்பைப் பிளைவுட்டை வளைத்துச் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். அதே வித்தையை 1946-இல் சாப்பாட்டு நாற்காலிக்குக் கொண்டுவந்தார்கள். இருக்கை ஒரு துண்டு, முதுகு ஒரு துண்டு, இரண்டும் மனித உடம்புக்கேற்ப வளைந்த பிளைவுட். மெத்தை கிடையாது, ஆனாலும் உறுத்தாது.

பிளைவுட் விற்கிறவன் என்பதால் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பலகையும் காலும் சேருமிடத்தில் அவர்கள் ரப்பர் வில்லை வைத்து ஒட்டினார்கள். சாயும்போது லேசாகக் கொடுக்கும், மிகச் சுகம். ஆனால் ரப்பருக்கும் பசைக்கும் ஆயுள் உண்டு. பழைய நாற்காலிகள் பலவற்றில் இந்த வில்லைதான் முதலில் விட்டுப்போகிறது. சில சமயம் மரத் தாளையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். துளையில் கழுந்தை இறக்கிப் பூட்டிய பொருத்துக்கும் பசையை நம்பிய பொருத்துக்கும் உள்ள வித்தியாசம் நாற்பது, ஐம்பது வருடம் கழித்துத்தான் தெரியும். ஈம்ஸ் தம்பதியரின் அறிவுக்கு வணக்கம். அந்த ரப்பர் வில்லைக்கு வணக்கம் சொல்ல முடியவில்லை.

மூன்று கால்: கோப்பன்ஹேகன் முக்காலி

1952-இல் ஆர்னே யாகோப்சன், நோவோ என்ற மருந்துக் கம்பெனியின் உணவுக்கூடத்துக்காக ஒரு நாற்காலி வகுத்தார். இல்லை, முக்காலி வகுத்தார். ஒரே பிளைவுட் பலகையை வளைத்து இருக்கையும் முதுகும். இடுப்புப் பகுதியில் ஒடுக்கம். கீழே மூன்று மெல்லிய இரும்புக் கால். எறும்பு என்றே அதற்குப் பெயர்.

முக்காலி ஆடாது. தரை எவ்வளவு கோணலாக இருந்தாலும் மூன்று முனையும் ஊன்றிக்கொள்ளும். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிய நம் பாட்டிமார்களுக்கு இந்தக் கணிதம் தெரியும். நாலு கல் வைத்தால்தான் சட்டி ஆடும். ஆனால் அடுப்பு சாய்ந்து உட்காருவதில்லை, மனிதன் சாய்கிறான். கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் கால் இல்லாத பக்கமாகக் குனிந்தால் எறும்பு கவிழ்ந்துவிடும். யாகோப்சன் உயிரோடிருந்தவரை நாலாவது காலுக்கு இசையவில்லை. 1971-இல் அவர் மறைந்த பிறகே நான்கு கால் எறும்பு கடைக்கு வந்தது. ஆனால் அவரே 1955-இல் வகுத்த ‘ஏழாம் வரிசை’ நாற்காலிக்கு நான்கு கால் வைத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். அதுதான் அவருடைய நாற்காலிகளிலேயே அதிகம் விற்றது. ஜனங்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கூடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்து போகிற தொழிலாளிக்கு எறும்பு உகந்தது. அடுக்கி வைக்கலாம், தூக்கலாம். பேசிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் சாப்பிடும் குடும்பத்துக்கு ஆகாது. எந்த இடத்துக்கு எது என்பதை மறந்துவிட்டுப் பெயருக்காக வாங்கினால் முதுகுவலிதான் மிச்சம்.

இரண்டு கால்: புதுச்சேரி வழியாக ஒரு தச்சர்

நான் மிகவும் போற்றுகிறவர் ஜார்ஜ் நகாஷிமா (1905–1990). ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து, கட்டடக்கலை படித்தவர். நம் தமிழ் நிலத்துக்கும் அவருக்கும் உண்மையான உறவு ஒன்று உண்டு. அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரின் சார்பில் 1937-இல் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்த்தார். அங்கேயே ஆசிரமவாசியாகவும் ஆனார். சுந்தரானந்தர் என்று அவருக்குப் பெயர் சூட்டப்பட்டது. அந்த விடுதி அறைகளுக்காகத்தான் அவர் முதன்முதலில் மரச்சாமான்களை வகுத்தார். உலகப் புகழ்பெற்ற ஒரு தச்சு வாழ்க்கை புதுச்சேரியில் தேக்கு மரத்தோடு தொடங்கியது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்கா திரும்பியவரைப் போர்க் காலத்தில், ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே குற்றத்துக்காக, 1942-இல் குடும்பத்தோடு ஐடகோ மாநில முகாமில் அடைத்தார்கள். அங்கே ஜப்பானிய மரபில் தேர்ந்த தச்சர் ஒருவரிடம் உளி பிடிக்கக் கற்றார். அடுத்த ஆண்டு ரேமண்ட் பொறுப்பேற்று வெளியே கொண்டுவர, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் ஊரில் பட்டறை வைத்தார். மேசைப் பலகையை நேராக அறுக்காமல், மரத்தின் வெளி ஓரம் அப்படியே தெரிய விட்டார். பலகையில் வெடிப்பு இருந்தால் மறைக்காமல் வண்ணத்துப்பூச்சி வடிவில் மரச்சாவி இறக்கிப் பூட்டினார்.

1960 வாக்கில் அவர் வகுத்த ‘கோனாய்டு’ நாற்காலிக்குக் கால் இரண்டே இரண்டு. தரையில் நீளவாட்டில் படியும் இரண்டு கட்டைகள், அவற்றின்மேல் நிமிர்ந்த இரு கால்கள், இருக்கை முன்புறம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். தாங்காது என்று சொன்னவர்கள் உண்டு. தாங்குகிறது. காரணம் பொருத்தின் திறம். தரைக்கட்டை கம்பளத்தின்மீது சறுக்கிக்கொண்டு போவதால் மேசைக்கு இழுத்துக்கொள்வதும் சுலபம். இங்கே காலைக் குறைத்தது கண்ணுக்காக மட்டுமல்ல, இழுத்து உட்காருகிற வசதிக்காகவும்தான்.

ஒரு கால்: சாரினனின் துணிச்சல்

ஃபின்லாந்தில் பிறந்து அமெரிக்கரான ஏரோ சாரினனுக்கு (1910–1961) மேசைக்கு அடியில் தெரிகிற கால்களின் கூட்டமே பொறுக்கவில்லை. அதைச் சேரிக் குழப்பம் என்கிற பொருளில் குறை சொன்னார். ஒரு மேசைக்கு நாலு, ஆறு நாற்காலிக்கு இருபத்து நாலு, ஆக இருபத்தெட்டு மரக்கால். அதோடு ஆறு பேரின் பன்னிரண்டு கால் வேறு. கணக்குச் சரிதான். 1957-இல் நோல் நிறுவனம் வெளியிட்ட அவருடைய ‘டியூலிப்’ வரிசையில் மேசைக்கும் ஒரு கால், நாற்காலிக்கும் ஒரு கால். மதுக் கிண்ணத்தின் தண்டுபோல் மேலெழும்பி விரியும்.

மேசையைப் பொறுத்தவரை இது பெரிய நன்மை. யார் முழங்காலும் இடிபடாது. வட்ட மேசை என்பதால் தலைமாடு கால்மாடு கிடையாது. அப்பாவுக்கு ஓரிடம், மருமகளுக்கு ஓரிடம் என்ற பேச்சில்லை. இன்னும் ஒருவர் வந்தால் நெருக்கிக்கொள்ளலாம். சாப்பாட்டு மேசை வரலாற்றில் இது மிகச் சிறந்த வடிவங்களுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

நாற்காலியில்தான் உறுத்துகிறது. அடிமுதல் முடிவரை ஒரே பொருளால் செய்ய வேண்டும் என்பது சாரினனின் ஆசை. ஃபைபர் கிளாஸால் அந்த ஒற்றைத் தண்டு எடை தாங்காது. ஆகவே தண்டை அலுமினியத்தில் வார்த்து, மேலே ஃபைபர் கிளாஸ் ஓட்டைப் பொருத்தி, இரண்டும் ஒன்றே எனத் தோன்றும்படி ஒரே வெள்ளைப் பூச்சு கொடுத்தார்கள். இது அவருக்கும் முழு மனநிறைவு தரவில்லை. என் கண்ணுக்கு இது பூச்சால் மறைத்த பொருத்து. நகாஷிமா வெடிப்பைக் காட்டிப் பூட்டினார். இவர் இணைப்பை மறைத்து வெள்ளையடித்தார். இருவரும் மேதைகள்தாம். ஆனால் எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்கலாம் என்பதில் எனக்கு நகாஷிமாதான் வழிகாட்டி.

சண்டிகர்: பெயர் யாருக்கு?

நம் அண்டையிலேயே நடந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1951-இல் சண்டிகருக்கு வந்த பியர் ஜானரே 1965 வரை அங்கேயே தங்கி, லெ கொர்பூசியேவின் திட்டத்தைக் கட்டி முடித்தார். நகரத்து அலுவலகம், நீதிமன்றம், நூலகம், பல்கலைக்கழகம், குடியிருப்பு எல்லாவற்றுக்கும் மேசை நாற்காலி தேவைப்பட்டது. தேக்கும் ஷீஷமும் பிரம்பும் கொண்டு, ஏணியை விரித்து வைத்தாற்போன்ற கால்களோடு, ஆயிரக்கணக்கில் செய்தார்கள். வகுப்பதில் யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கலைஞர்களுக்குப் பங்கு உண்டு. செய்ததோ பெயர் தெரியாத தச்சர்களும் பிரம்பு பின்னுவோரும்.

பிறகு என்ன ஆயிற்று? பிரம்பு கிழிந்தது, எஃகு நாற்காலி வந்தது. பழையவை மொட்டை மாடியிலும் முற்றத்திலும் மழையில் கிடந்தன. பழைய சாமான் ஏலத்தில் அற்ப விலைக்குப் போயின. ஐரோப்பிய வியாபாரிகள் வாங்கி, செப்பனிட்டு, பாரிசிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் லட்சங்களுக்கு விற்றார்கள். 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் சண்டிகர் மரபுப் பொருள்களை விற்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை சொல்லி ஆணை அனுப்பியது. அதற்குள் கப்பலேறியவை ஏராளம். ஆமி சீகல் என்ற கலைஞர் 2013-இல் எடுத்த படம், ஐரோப்பிய, அமெரிக்கச் செல்வர் வீட்டுச் சாப்பாட்டு அறையிலிருந்து பின்னோக்கிச் சென்று சண்டிகர் மாடிக் குவியலில் முடிகிறது.

வாங்கி விற்றவர்களை மட்டும் வைது பயனில்லை. வியாபாரி லாபம் பார்ப்பான். அது அவன் தொழில். விற்கிறவனுக்குத் தன் சரக்கு என்னவென்று தெரியாமல் இருந்ததுதான் வியப்பு. இன்னொன்று: ஏலப் பட்டியலில் ஜானரே பெயர் கொட்டை எழுத்தில் வரும். காலைச் செதுக்கிய ஆசாரி பெயர் வராது. நாற்காலியின் பின்புறம் வெள்ளைச் சாயத்தில் எழுதிய அலுவலக இருப்பு எண் மட்டும் சாட்சியாக நிற்கிறது. அந்த எண் இருந்தால் விலை அதிகம்! செய்தவன் பெயரைவிடக் குமாஸ்தா எழுதிய எண்ணுக்கு மதிப்பு.

டென்மார்க்குச் சாமானுக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. அவர்கள் நாட்டில் தேக்கு விளையாது. பர்மா, சயாம் காடுகளிலிருந்து போன தேக்கும், பிரேசில் காட்டு ஈட்டி மரமும்தான் அந்த மெருகின் ரகசியம். பிரேசில் ஈட்டி அருகிப்போய், 1992-இல் பன்னாட்டு வாணிபத் தடைப் பட்டியலில் ஏறியது. இன்று அந்த மரத்துப் பழைய மேசை எல்லை கடக்கத் தனி ஆவணம் வேண்டும். டிசைனர் பெயரைச் சொல்கிறவர்கள் காட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

முடிவாக

கால் கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். நாற்காலிகளில் மோகென்சனுக்கு முதலிடம், வெக்னருக்கும் மோல்லருக்கும் அடுத்தது. மேசையில் சாரினன். மரத்தை மரமாக மதித்ததில் நகாஷிமா. துணிச்சலில் யாகோப்சன், அறிவில் ஈம்ஸ் தம்பதியர். இதில் மாறுபடுகிறவர்கள் தாராளமாக மாறுபடலாம். ஆனால் விலைப் பட்டியலை வைத்து மாறுபடாமல், உட்கார்ந்து பார்த்து மாறுபடுங்கள்.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று பிள்ளைகள் இணையத்தில் பார்த்து இந்த மாதிரிகளைக் கேட்கிறார்கள். வட இந்தியப் பட்டறைகளில் நகல்களும் கிடைக்கின்றன. நகல் என்று சொல்லி நகல் விலைக்கு விற்றால் குற்றமில்லை. பழையது என்று சொன்னால் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட நிறம் மாறியிருக்கிறதா, திருகாணித் துளை தேய்ந்திருக்கிறதா, இருக்கைச் சட்டத்தின் மூலையில் முட்டுக்கட்டை உண்டா, மேசைப் பலகையின் விளிம்பு கெட்டி மரமா, நடுவே வினியரா என்று பாருங்கள். வினியர் என்றால் மட்டம் என்று எண்ண வேண்டாம். டென்மார்க்கின் நல்ல மேசைகள் பல வினியர்தான். ஆனால் விற்பவர் அதைச் சொல்ல வேண்டும்.

கூடவே இன்னொன்று. மாற்றலாகி ஊர் ஊராகப் போகும்போது நாம் முதலில் கழிப்பது மரச்சாமானைத்தான். ஊரிலிருந்து லாரியில் வந்த தேக்கு பெஞ்சு, கல்யாணத்துக்கு மாமனார் செய்து கொடுத்த மேசை, பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலி இவற்றைக் கபாடிவாலாவிடம் கிலோக் கணக்கில் போட்டுவிட்டு, மரத்தூள் பலகையில் செய்த சாப்பாட்டு மேசை வாங்குகிறோம். ஈரம் பட்டால் மூன்றாம் வருடம் ஊதிப்போகும் பலகை அது. நானே விற்கிறேன், ஆகையால் தெரிந்தே சொல்கிறேன். அந்தப் பழைய பெஞ்சின் பொருத்து, மோகென்சன் நாற்காலியின் பொருத்துக்குச் சளைத்ததல்ல. செய்த ஆசாரியின் பெயர் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். கேட்டு, ஒரு தாளில் எழுதி, அடிப்பக்கம் ஒட்டி வையுங்கள்.

சண்டிகர் நாற்காலிக்கு அப்படி எழுதி வைக்க ஆளில்லாமல் போயிற்று. நம் வீட்டுச் சாமானுக்காவது அந்தக் குறை வராமல் பார்த்துக்கொள்வோமாக.